கிரேன் அக்கா மயங்கி விழவில்லை

டிக்கெட் அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நனைந்த விரிப்பைச் சுருட்டி அவர் முதுகோடு ஒட்டித் தள்ளிவிட்டு, உலர்ந்த விரிப்பின் பாதியைக் கட்டிலில் விரித்துக்கொண்டிருந்தாள் கிரேன் அக்கா. ஆள் படுத்திருக்கும்போதே அடியில் இருக்கும் துணியை மாற்றுவது இப்படித்தான். இந்தப் பக்கத்துப் பாதியை முடித்துவிட்டு, ஆளை அந்தப் பக்கம் புரட்டி, மீதியை இழுத்துவிட வேண்டும். புரட்டும்போது ஒரு கை எப்போதும் அவர் இடுப்பில் இருக்க வேண்டும். அந்தக் கையை எடுத்தால் கட்டிலிலிருந்து தரைக்கு ஒரே உருளல்தான்.

டிக்கெட் அம்மா ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட் கிழித்தவர். இடுப்புக்குக் கீழே எல்லாம் படுத்துவிட்டாலும் வாய் மட்டும் எழுந்து நின்று வேலை செய்யும். டிவி எந்நேரமும் ஓட வேண்டும். யாரும் பேசாவிட்டால் டிவியோடு சண்டை போடுவார்.

அன்று காலைச் செய்தியில் விமானக் கடத்தல் விசாரணை அறிக்கை வெளியானது. கோட்டுப் போட்ட ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தார்.

"கடத்தல்காரர்கள் மூவரும் பாதுகாப்புப் படையினரால் சுட்டு வீழ்த்தப்பட்டனர். பயணிகளில் ஒருவர் மட்டுமே உயிரிழந்தார். கடைசி வரிசையில் இருந்த அந்த முதியவர் துணிச்சலோடு எழுந்து ஒரு கடத்தல்காரனைக் கட்டிப் பிடித்துப் போராடியபோது அவனால் சுடப்பட்டார். அவருடைய உதவியாளர் அச்சத்தால் மயங்கிக் கிடந்தார். முதியவரின் வீரத்தைப் பாராட்டி நாளை அவருடைய குடும்பத்தாரிடம் பதக்கம் வழங்கப்படும்."

"யாருடி அந்த மகராசி?" என்றார் டிக்கெட் அம்மா சுவரைப் பார்த்தபடியே. "கெழவன் சண்டை போடறான், இவ மயங்கி விழுந்து கெடந்தாளாமே!"

"நான்தாம்மா அது."

டிக்கெட் அம்மா கழுத்தைத் திருப்ப முயன்றார். "நீயா? போன மாசம் அயர்ன் பாக்ஸ் ஷாக் அடிச்சப்பவே, திட்டிக்கிட்டே போய் ஸ்விட்ச்சை அணைச்சவளாச்சே நீ!"

"அசையாதீங்க. இன்னும் பாதி இருக்கு."

சொன்னாளே தவிர, அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கை மட்டும் டிக்கெட் அம்மாவின் இடுப்பிலிருந்து நகரவில்லை. விரிப்பின் மீதியை இழுத்தாள், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள், அவரை மல்லாக்கப் படுக்க வைத்துத் தலையணையைச் சரி செய்தாள். அதன்பிறகுதான் டிவியின் பக்கம் திரும்பி, அந்தக் கோட்டுக்காரரைப் பார்த்து, டிக்கெட் அம்மாவே வாயைப் பிளக்கும்படி ஒரு வார்த்தை சொன்னாள்.

கிரேன் அக்கா பார்ப்பதற்கு ஒல்லி. உயரமும் கிடையாது. கல்யாணமான புதிதில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு தெரபிஸ்ட் அம்மாவிடம் தூக்கவும் திருப்பவும் கற்றுக்கொண்டாள். மாமியார் போன பிறகு, கற்றதை வீணாக்குவானேன் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டாள். முதல் வேலையில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், தன்னைவிட ஒன்றரை மடங்கு கனமான ஒரு மனிதரைக் காரிலிருந்து தனியாக நாற்காலிக்கு மாற்றியதை வாட்ச்மேன் பார்த்தார். "இது பொம்பளையா, கிரேனா?" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவளுடைய ஏஜென்சிக்காரர்கூடப் போனில் "கிரேன் அக்கா ஃப்ரீயா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்.

அது பலத்தினால் வருவதல்ல. கால் விளங்காத ஆளை எழுப்பி நிறுத்த வேண்டுமென்றால், எதிரில் நின்று, அவருடைய முழங்கால்களை உங்கள் முழங்கால்களால் முட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு கைகளையும் அவர் இடுப்பைச் சுற்றிவிட்டு, அவர் இடுப்பில் கட்டிவிட்ட பெல்ட்டை முதுகுப் பக்கம் பிடிக்க வேண்டும். அவர் தாடை உங்கள் தோளில், நெஞ்சோடு நெஞ்சு. பின்னால் சாய்ந்தீர்களென்றால் அவர் தானாக எழுந்து வருவார். வெட்கப்படுகிறவர்களுக்கு இந்த வேலை லாயக்கில்லை. பிடித்த பிடியை ஆள் உட்காரும்வரை விடக் கூடாது, வீடு பற்றி எரிந்தாலும் சரி.

சர்வேயர் ஐயாவை அவள் பல வருடம் இப்படித்தான் எழுப்பினாள். ஊர் ஊராக நிலம் அளந்தவர். ஒரு நாள் தாலுகா கச்சேரி வாசலில் விழுந்தார், இடது கையும் காலும் போயின. மனைவி முன்பே இறந்துவிட்டார். மகள் வேறு ஊரில், கிரேன் அக்காவின் ஊரில்தான், கணவனோடு இருந்தாள். தன் வீட்டைவிட்டு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார் ஐயா. எனவே கிரேன் அக்கா அங்கே போய்த் தங்கினாள். வீட்டுக்காரரை விட்டுவிட்டு மாசக்கணக்கில். வீட்டுக்காரர் தையல்காரர். தனக்கு மனைவி இருப்பதை மணியார்டர்தான் ஞாபகப்படுத்துகிறது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"கிரேன், இன்னிக்கு என்னை எந்த மாடியில இறக்கப் போற?" என்பார் ஐயா, அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு.

"வாயை மூடிக்கிட்டு இருந்தா நாற்காலியில. இல்லேன்னா கீழ."

"எங்கிட்ட அளவுச் சங்கிலி பிடிச்ச செயின்மேன்கூட இப்படி எதிர்த்துப் பேசினதில்ல."

"அவர் உங்களைத் தூக்கினாரா?"

கடைசியில் மகள் அழுது அடம்பிடித்து அப்பாவைத் தன் வீட்டுக்கே அழைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தாள். சாமான்கள் லாரியில் போயின. ஐயாவும் கிரேன் அக்காவும் விமானத்தில்.

விமானம் வேறு எங்கோ இறங்கியது. ஓடுபாதையின் ஓரத்தில் நின்றது, நின்றபடியே நாள் திரும்பியது. ஜன்னல் தடுப்புகளை எல்லாம் இறக்கச் சொன்னார்கள். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. காற்று வெந்தது. கடத்தல்காரர்கள் மூன்று பேர். மூன்று பேரும் மாறி மாறி நடந்தார்கள், மாறி மாறிக் கத்தினார்கள், நாலாவதாக ஒரு முகம் இல்லை.

எல்லாருக்கும் துப்பாக்கியைப் பற்றிக் கவலை. கிரேன் அக்காவுக்குக் கூடுதலாக ஐயாவின் இடுப்பைப் பற்றிக் கவலை. உட்கார்ந்தபடியே இருந்தால் தோல் கன்றிப் புண்ணாகும். ஒரு பொழுது போதும், ஆற ஒரு வருடம் ஆகும். அவள் கையைத் தூக்கி, அந்த மூவரில் இளையவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, இவரைக் கொஞ்சம் எழுப்பி நிறுத்தணும். அப்பப்ப நிறுத்தணும். இல்லேன்னா புண்ணு வந்துடும். ஒண்ணுக்கும் போகணும், பாட்டில் வெச்சிருக்கேன்."

அவன் துப்பாக்கியை ஆட்டி, சீக்கிரம் என்றான். அவள் பாட்டிலை எடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஐயா அதைக் கவனித்தார்.

"பரவால்ல, மானம் மரியாதை தெரிஞ்ச பய," என்று அவள் காதில் சொன்னார்.

"பேசாதீங்க. சுட்டுடுவான்."

"சுடட்டும். அதுக்கு முன்னாடி பாட்டிலை எடு, ரொம்பிடுச்சு."

மறுநாள் மதியத்துக்கு மேல் முன்கதவுப் பக்கம் என்னவோ பேச்சு நடந்தது. மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். நல்ல நேரம் என்று அவள் ஐயாவை எழுப்பி, நடைவழியில் நிறுத்தினாள். அவள் முதுகுக்குப் பின்னால் கழிப்பறைச் சுவர். ஐயாவின் முதுகு விமானத்தின் முன்பக்கம் பார்த்து இருந்தது. தாடை அவள் தோளில். முழங்காலோடு முழங்கால்.

அப்போது முன்னால் இடி விழுந்ததுபோல் ஒரு சத்தம். புகை. கத்தல். சுடும் சத்தம். "குனி! குனி!" என்றது ஒரு குரல். எல்லாரும் குனிந்தார்கள். குனிய முடியாதவர்கள் இருவர்தான், கடைசி வரிசையில், கட்டிப் பிடித்தபடி நின்றவர்கள்.

ஆளைத் தூக்குகிறவர்களுக்கு ஒன்று தெரியும். உயிருள்ள கனம் வேறு. எவ்வளவு விளங்காத உடம்பும் கொஞ்சமாவது தன்னைத் தானே சுமந்துகொள்ளும். ஐயாவின் உடம்பு அதை நிறுத்தியது. மொத்தக் கனமும் ஒரே நேரத்தில் அவள் கையில் வந்தது. முதுகில் பெல்ட்டைப் பிடித்திருந்த விரல்களில் ஈரம் பட்டது.

அவள் அவரைப் போடவில்லை. கற்றபடி சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலை மடித்து, அவரோடு சேர்ந்து மெதுவாகச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். முகமூடி போட்ட ஒரு படைவீரன் புகையிலிருந்து வந்து துப்பாக்கியை நீட்டினான்.

"கையைத் தூக்கு!"

"தூக்கினா இவர் விழுந்துடுவார்."

"கையைத் தூக்குங்கறேன்!"

"முடியாதுப்பா. பேஷண்ட்டு."

அவன் குனிந்து பார்த்தான். ஐயாவின் முதுகைப் பார்த்தான். தன் துப்பாக்கியைப் பார்த்தான். முன்னால் ஓடினான். கொஞ்ச நேரம் கழித்து வேறு இருவர் வந்து ஐயாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவளை முன்கதவு வழியாக இறக்கினார்கள். அங்கே அந்த மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்தப் பையன் உட்பட.

இதை அப்படியே விசாரணை அதிகாரியிடம் சொன்னாள். சிரித்த முகக்காரர் அவர். ஐயா செத்ததைச் சொன்னபோதும் சிரிப்பு மாறவில்லை, முகம் அப்படியே தைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "விசாரணை முடியற வரைக்கும் வெளியில பேச வேண்டாம்மா. அவங்க குடும்பத்துக்கிட்டகூட. சாட்சி கலைஞ்சிடும்," என்றார். கிரேன் அக்கா ஒழுங்கான பெண். டாக்டர் சொன்ன மருந்தை டாக்டர் சொன்ன நேரத்தில் கொடுத்தே பழகியவள். வாயை மூடிக்கொண்டாள். அறிக்கையில் எல்லாம் வரும், அதுவே பாப்பாவுக்குச் சொல்லும் என்று நம்பினாள். ஐயா தன் மகளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். நாற்பது வயதுப் பாப்பா.

இப்போது அறிக்கை வந்துவிட்டது.

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது தையல்காரர் கடையிலேயே செய்தியைக் கேட்டிருந்தார். மெஷினை மிதித்தபடி பேசினார்.

"ஏன்டி, கடத்தினவங்க மொத்தம் எத்தனை பேர்?"

"மூணு."

"முன்னாடி செத்துக் கெடந்தது?"

"மூணு. நான்தான் தாண்டிக்கிட்டு வந்தேனே."

"அப்ப பின்னாடி ஐயா கட்டிப் பிடிச்சிருந்தது யாரை?"

"என்னை."

"அப்ப நீதான் நாலாவது கடத்தல்காரி." மெஷினை நிறுத்தினார். "மூணுல மூணு போனா மிச்சம் ஒண்ணுங்கறான். நான் இந்தக் கணக்குல சட்டை தைச்சா கஸ்டமர் ஒரு கையை வெளியில வெச்சுக்கிட்டுப் போகணும்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "இதுல இன்னொரு கூத்தும் இருக்கு. வயித்தோட வயிறு ஒட்டி நிக்கறவனை, எதிர்ல நிக்கறவன் முதுகுல எப்படிச் சுடுவான்? கையை என்ன வளைச்சா சுட்டான்? அந்தக் கோட்டுக்காரன் தாளைப் பார்த்து வாசிக்கறானே, எதுத்தாப்புல இருந்த ஒருத்தராவது இதைக் கேட்டாங்களா? ஒண்ணுக்குப் போகவே ஆள் வேணும் அந்த மனுஷனுக்கு. 'துணிச்சலோடு எழுந்து'! எழுந்தாராம்! நான் இத்தனை வருஷம் எதுக்கு இடுப்பொடிஞ்சேன்?"

அப்போதுதான் ஏஜென்சிக்காரர் கூப்பிட்டார். அடுத்த வாரம் ஆரம்பிக்க வேண்டிய வீட்டில் வேண்டாமென்கிறார்களாம். "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. அவசரத்துல மயங்கி விழற ஆள் வேண்டாங்கறாங்க. டிவியில பாத்துட்டாங்க, அந்த விமானத்துல இருந்தது நீங்கதான்னு நான் முன்னாடியே சொல்லியிருந்தேன்." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

வைத்த கையோடு மறுபடி மணி அடித்தது. பாப்பா.

"அக்கா, நாளைக்கு விழாவுக்கு நீங்களும் வரணும். எங்ககூட முன் வரிசையில உக்காரணும்." குரலில் கனிவு வழிந்தது. "நான் உங்களைக் குத்தம் சொல்லலக்கா. நெஜமா சொல்றேன். அந்த நேரத்துல யாரா இருந்தாலும் மயங்கித்தான் விழுவாங்க. மனசுல வெச்சுக்காதீங்க. நான் உங்களை எப்பவோ மன்னிச்சிட்டேன்."

ஏஜென்சிக்காரர் சொன்னது தோலில் பட்டது. இது எலும்பில் பட்டது. ஐயாவைக் கையிலிருந்து விட்டவளாம், அதற்கு மன்னிப்பாம். வேலை போனால் வேறு வேலை வரும். ஆனால் அந்தப் பெண் சாகும்வரை தன் அப்பா யாருமில்லாமல் செத்தார் என்றல்லவா நினைத்துக்கொண்டிருப்பாள்? பக்கத்திலேயே ஒருத்தி சுருண்டு கிடந்தாள் என்றல்லவா?

"பாப்பா, வீட்லதான் இருக்கியா? இரு, வரேன்."

பஸ்ஸில் நின்றபடியே போனாள். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை.

மகள் வீட்டுக் கூடத்தில் மறுநாளுக்கான துணிகள் இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கின. ஐயாவின் படம் சுவரில் புதிய சட்டத்தில் இருந்தது. மருமகனை அந்த வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளை என்றே கூப்பிடுவார்கள், தெருக்காரர்கள்கூட. டயர் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான். சண்டை என்றால் மட்டும் பின்வாசலைத் தேடுகிறவர்.

கிரேன் அக்கா டீ வேண்டாமென்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், அழகுபடுத்தாமல், பேஷண்ட்டின் நிலைமையை அடுத்த டியூட்டிக்காரிக்குச் சொல்வதுபோல. மகளின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது.

"ஏன்க்கா இப்படிப் பண்றீங்க? உங்க பேரு கெட்டுப்போச்சுங்கறதுக்காக எங்கப்பா பேரைக் கெடுப்பீங்களா?"

"உங்கப்பாவால எழுந்து நிக்க முடியுமா பாப்பா?"

"உயிர் போற நேரத்துல மனுஷனுக்கு எங்கிருந்தோ பலம் வரும். டிவியில ஒரு டாக்டரே சொன்னார்."

"அந்த டாக்டரை ஒரு நாள் உங்கப்பாவுக்கு வேட்டி கட்டிவிடச் சொல்லியிருக்கணும்."

"அக்கா, விடுங்களேன்," என்றார் மாப்பிள்ளை. "மாமாவுக்கு நல்ல பேருதானே வருது? யாருக்கு என்ன நஷ்டம்?"

கிரேன் அக்கா அவர் பக்கம் திரும்பினாள். "மாப்பிள்ளை, இங்க வாங்க. இந்த நாற்காலியில உக்காருங்க. இடது கை, இடது கால் ரெண்டும் இல்லைன்னு நெனச்சுக்குங்க. பாப்பா, நீ வாசக்கதவுகிட்டப் போய் நில்லு. திரையெல்லாம் இழுத்துவிடு. லைட்டை அணை."

"இப்ப எதுக்கு..."

"போய் நில்லும்மா. உன்னை வேற எதுவும் கேக்கல."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று இருவரையும் சொன்னபடி செய்ய வைத்தது. கூடம் மங்கலாயிற்று. மாப்பிள்ளை நாற்காலியில் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தார். அவள் எதிரில் நின்று, முழங்காலால் முட்டுக் கொடுத்து, கைகளை அவர் இடுப்பைச் சுற்றிவிட்டுப் பின்பக்கம் பெல்ட்டைப் பிடித்தாள்.

"கூச்சமா இருக்குக்கா," என்றார் அவர்.

"எனக்கு இல்ல. தாடையைத் தோள்ல வைங்க. ஒண்ணு, ரெண்டு..."

டயர் கடைக்காரர் காற்றடைத்த டயர்போல எழுந்து வந்தார். அவரைத் திருப்பி, அவருடைய முதுகு வாசலைப் பார்க்கும்படி நிறுத்தினாள். வலது கை பிடிமானத்துக்காக அவள் தோளை இறுக்கியது. கனத்தைச் சமாளிக்க அவள் லேசாக இப்படியும் அப்படியும் ஆடினாள். அது எப்போதும் செய்வதுதான்.

"பாப்பா, அங்கேர்ந்து என்ன தெரியுது?"

மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"சொல்லும்மா. நீ புகைக்குள்ள ஓடி வர்ற. கையில துப்பாக்கி. எல்லாரும் குனிஞ்சிருக்காங்க. ரெண்டு பேர் மட்டும் நிக்கறாங்க. என்ன தெரியுது?"

"யாரோ..." மகளின் குரல் பிசிறியது. "யாரோ ஒருத்தரைப் பிடிச்சு அமுக்கற மாதிரி தெரியுது. சண்டை போடற மாதிரி."

"அவனுக்கும் அப்படித்தான் தெரிஞ்சிருக்கும். அவன் தப்பு பண்ணினான். பயத்துல, அவசரத்துல. அதைக்கூட நான் புரிஞ்சுக்குவேன், அவனும் புள்ளைதான். ஆனா அந்தத் தப்பைத் தொடைக்க, கையாலாகாத மனுஷனைக் கொண்டுபோய்ச் சண்டைக்காரனாக்கி, அவரைத் தாங்கிக்கிட்டிருந்தவளைச் சுருட்டிக் கீழ போட்டுட்டு, மேல ஒரு பதக்கத்தை வெச்சு மூடறானுங்க பாரு, அவனுங்களை நான் எந்தக் காலத்துலயும் விட மாட்டேன்."

அவள் தோளில் தாடையை வைத்திருந்த மாப்பிள்ளை அப்போது மெல்லச் சொன்னார்.

"முதுகுலதான் இருந்துச்சு."

"என்ன?" என்றாள் மகள்.

"குண்டு. ஆஸ்பத்திரியில மாமாவை அடையாளம் காட்ட நான்தானே உள்ள போனேன். திருப்பிக் காட்டினாங்க. முதுகுலதான் இருந்துச்சு. முன்னாடி ஒண்ணுமே இல்ல."

மகள் விளக்கைப் போட்டாள். கிரேன் அக்கா அப்போதும் மாப்பிள்ளையை விடவில்லை. ஒழுங்காகத் திருப்பி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் கையை எடுத்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?" மகள் கணவனுக்கு எதிரில் வந்து நின்றாள். "இத்தனை நாளா தெரியுமா?"

"அந்த அதிகாரி சிரிச்சுக்கிட்டே சொன்னார்... எதுக்கு சார் பெரிசு பண்றீங்க, வீரமா செத்தார்ங்கறதுதானே குடும்பத்துக்கு ஆறுதல்னு. எனக்கும் சரின்னு பட்டுச்சு. நீ அழுதுக்கிட்டு இருந்த. உனக்கு அது நல்லா இருந்துச்சு. அப்புறம் எப்படிச் சொல்றது?"

"வாயால! வாயாலதான் சொல்றது! டயர்ல ஆணி குத்தியிருந்தா கஸ்டமருக்குச் சொல்ல மாட்டீங்களா? எங்கப்பா முதுகுல..."

மாப்பிள்ளை தலை குனிந்துகொண்டார். அவருக்கு அன்று பின்வாசல் கிடைக்கவில்லை.

மகள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அழட்டும் என்று கிரேன் அக்கா விட்டுவிட்டாள். அழுகிறவர்களைத் தடவிக் கொடுப்பது அவள் வழக்கமில்லை, தண்ணீர் கொடுப்பாள். சமையலறைக்குப் போய் ஒரு தம்ளர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"வலிச்சுதாக்கா அவருக்கு?"

"இல்ல. தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. கனம் மாறிச்சு, அவ்வளவுதான். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும்."

"கடைசியா ஏதாவது சொன்னாரா?"

கிரேன் அக்கா யோசித்தாள். நல்லதாக ஏதாவது இட்டுக்கட்டலாம். இந்த நேரத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு நாளைக்கு அந்த அறிக்கை இட்டுக்கட்டினதே போதும் என்று பட்டது.

"'உனக்கு வேர்வை நாத்தம் தாங்கல கிரேன்'னு சொன்னார்."

மகள் அழுகையோடு சிரித்துவிட்டாள். "அப்பாதான். அது எங்கப்பாதான்."

பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினார்கள். விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். போகாவிட்டால் தபாலில் அனுப்பிவிட்டு, கொடுத்தாயிற்று என்று எழுதிக்கொள்வார்கள் என்றாள் மகள். கிரேன் அக்கா சொன்னால் மயக்கத்தில் உளறுகிறாள் என்பார்கள். மகளோ எதையும் பார்க்கவில்லை. பார்த்தவர் ஒருவர்தான். இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல," என்றார் மாப்பிள்ளை.

"மேடை ஏற வேண்டாம்," என்றாள் மகள். "கீழேர்ந்தே சொல்லுங்க."

மறுநாள் காலை மூவரும் விழா மண்டபத்துக்குப் போனார்கள். முன் வரிசையில் அவர்களுடைய நாற்காலிகளில் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தது. கிரேன் அக்காவுக்கும் ஒரு சீட்டு. அதில் 'உதவியாளர்' என்றிருந்தது. சிரித்த முகக்காரர் வந்து மகளின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். கிரேன் அக்காவைப் பார்த்து, "உடம்பெல்லாம் தேவலையாம்மா?" என்றார்.

"எனக்கு எப்ப சார் உடம்பு சரியில்லாம போச்சு?" என்றாள் அவள். அவர் அதற்குள் நகர்ந்துவிட்டார்.

படைவீரர்களுக்குப் பதக்கங்கள் முடிந்தன. மேடையில் இருந்தவர் சர்வேயர் ஐயாவின் பெயரை வாசித்து, குடும்பத்தினர் மேடைக்கு வருமாறு அழைத்தார். மூவரும் எழவில்லை. ஒலிபெருக்கி மறுபடி அழைத்தது. மண்டபத்தில் தலைகள் திரும்பின. மகள் கைகளை மடியில் கோத்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒருவர் இன்னொருவர் காதில் என்னவோ சொன்னார். சிரித்த முகக்காரர் படியேறிப் போய் அவர்கள் காதில் என்னவோ சொன்னார்.

ஒலிபெருக்கி இருமிக்கொண்டது.

"குடும்பத்தினர் தவிர்க்க இயலாத காரணத்தால் இன்று வர இயலவில்லை. அவர்கள் சார்பில்..."

முன் வரிசையில், அதை வாசித்தவரின் கண்ணுக்கு நேர் எதிரே, மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அடப் பாவிகளா!" என்றாள் கிரேன் அக்கா, மண்டபம் முழுவதும் கேட்கும்படி. "உக்காந்திருக்கற ஆளை வரலைன்னு சொல்றானே! இவனா விமானத்துக்குள்ள நடந்ததை உள்ளபடி சொல்லியிருப்பான்?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குமுன் மாப்பிள்ளை எழுந்து நின்றார். முகம் சாம்பலாயிருந்தது. பின்வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மகள் அவர் பக்கம் பார்க்கவில்லை, உதவவுமில்லை.

"வந்திருக்கோம்," என்றார் அவர். "இங்கதான் இருக்கோம். மாமா உடம்பை அடையாளம் காட்டினது நான். குண்டு முதுகுல இருந்துச்சு. அவரைச் சுட்டது யாருன்னு முதல்ல சொல்லுங்க. அப்புறம் பதக்கம் வாங்கிக்கறோம்."

ஒலிபெருக்கியில் திடீரென்று வாத்திய இசை ஓடத் தொடங்கியது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு காவலர்கள் இந்தப் பக்கமாகப் போகலாம் என்று கை காட்டினார்கள். சிரித்த முகக்காரர் பின்னால் நின்றார். அவர் முகத்தில் முதல் முறையாகத் தையல் பிரிந்திருந்தது.

மகள் எழுந்து, நடு வழியாக, எல்லார் கண்ணெதிரிலும் நடந்தாள். மாப்பிள்ளை அவள் பின்னால். கிரேன் அக்கா நாற்காலியில் ஒட்டியிருந்த 'உதவியாளர்' சீட்டைக் கிழித்துக் கசக்கிக் காவலர் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு அவர்களைத் தொடர்ந்தாள். வாசலில் பத்திரிகைக்காரர்கள் மறித்தார்கள். முதுகில் என்றால் முதுகில் எந்த இடத்தில் என்று ஒருவன் கேட்டான். மாப்பிள்ளை சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆளைத் திரும்பி நிற்கச் சொல்லி, அவன் முதுகில் விரலை வைத்துக் காட்டினார்.